சட்டி பழக்கிய சரசம்மா

சரசம்மா எனக்குத் தர வேண்டியிருந்த கடன் பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். பதினெட்டாயிரம் கைமாற்றாகக் கொடுத்தது. மிச்சம் முந்நூற்று நாற்பது வைக்கோலுக்கு.

வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் ஆறுமுகசாமி அண்ணாச்சி என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எதிர்பார்த்தது என் கதையைத்தான். பணகுடியிலிருந்து போட்டிருந்த டிரவுசரோடு பஸ் ஏறி வந்தவன், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினவன், இன்றைக்கு அதே தெருவில் மூன்று மாடிக்குப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்ததில்லை. என்னிடம் கணக்கு எழுதுகிற இரண்டு பேரும் பி.காம். இதெல்லாம் சங்கத்தில் தெரியாதவர் கிடையாது. நானே வேண்டிய மட்டும் சொல்லியிருக்கிறேன். அதனால் இந்த வருஷம் சரசம்மாவைப் பற்றி எழுதுகிறேன். அவள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கடை என்று ஒன்று அவளுக்கு இருந்ததும் இல்லை.

அவளுக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். புருஷன் கொத்தனாருக்குக் கையாள். கரமனை ஆற்றங்கரையில் ஓடு போட்ட வரிசை வீட்டில் ஒரு அறை எடுத்துக் குடியிருந்தார்கள். தொண்ணூற்றொன்றில் பட்டம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில் சாரம் சரிந்து அவன் போய்விட்டான். கட்டிட முதலாளி சவத்தை ஊருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்துக் கொடுத்தார், அதோடு கை கழுவினார். மகள் பொன்செல்விக்கு அப்போது ஏழு வயது. ஊரில் காரியங்கள் முடிந்து எல்லாரும், "இங்கேயே இருந்துரு" என்று சொல்ல, சரசம்மா மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்கே திரும்பிவிட்டாள். ஏன் என்று ஒருதரம் கேட்டேன். "அங்க இருந்தா நான் பாவம் அண்ணாச்சி. இங்க இருந்தா வேலைக்காரி" என்றாள்.

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. அங்கேதான் அவள் தொழில் பிறந்தது. ஹோட்டல்காரர்கள் மீன்குழம்புக்குப் புது மண்சட்டி வாங்குவார்கள், அவசரத்தில் நேராக அடுப்பில் ஏற்றுவார்கள், அது 'டப்' என்று விரியும். புதுச்சட்டியைப் பழக்க வேண்டும். தண்ணீரில் ஊறப் போட்டு, கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விட்டு, ஆற வைத்து, தேங்காயெண்ணெய் தடவி மறுபடி காய வைத்து, இப்படியே நாலைந்து நாள் போனால் சட்டி கறுத்து எண்ணெய் குடித்து நிற்கும். அதற்கப்புறம் அது சீக்கிரத்தில் விரியாது. மலையாளத்தில் சட்டியை மயக்குவது என்பார்கள். எல்லா வீட்டிலும் பெண்டுகளுக்குத் தெரிந்த காரியம்தான். ஆனால் செகரட்டேரியட்டுக்கும் பாங்குக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு நேரம் ஏது? வீட்டில் விறகடுப்பும் கிடையாது. சரசம்மா அதைப் பார்த்தாள். ஹோட்டலில் சும்மா கொட்டுகிற கஞ்சித்தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு போவாள். சட்டி என் கடையில் எடுப்பாள். எனக்குப் பித்தளை, எவர்சில்வர், அலுமினியம்தான் பெரிய வியாபாரம். பின்கட்டில் மண்சட்டியும் இருக்கும்.

நான் இருபது ரூபாய்க்குக் கொடுத்த சட்டியை அவள் பழக்கி அறுபதுக்கு விற்றாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பூஜப்புரை, ஜகதி, தைக்காடு என்று வெயிலில் நடப்பாள். எனக்கே பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு சாமானில் இரண்டு மடங்கு லாபம் நான் பார்த்ததில்லை. அவளிடமே சொன்னேன்.

"நீங்களும் பழக்கி விக்கலாமே அண்ணாச்சி, யாரு வேண்டாம்னா?" என்றாள். "கரிப்புகையில ஒருநாள் குத்தவச்சு இருந்து பாருங்க. மூணு மாடியும் கறுத்துரும்."

அந்தப் புகையைத்தான் நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தேங்காய்த் தொண்டும் மட்டையும் போட்டு அந்த ஒற்றை அறையின் பின்பக்கச் சாய்ப்பில் வருஷக்கணக்காக எரித்தாள். ஆற்றங்கரை ஈரத்தில் தொண்டு சரியாக எரியாது, புகையும். இருமல் எப்போதும் உண்டு. வெற்றிலை போட்டால் சரியாகும் என்பாள்.

இரண்டாயிரத்து இரண்டில் பொன்செல்வி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நல்ல மார்க். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் வருஷக் கட்டணமும் விடுதியும் சேர்த்து அறுபத்தையாயிரம். ஆகஸ்ட் முடிவதற்குள் கட்ட வேண்டும். சரசம்மாவிடம் சேர்ந்திருந்தது முப்பதாயிரம். நர்ஸ் ஆனால் வெளிநாடு போகலாம். அந்தப் புகையிலிருந்து இரண்டு பேரும் வெளியே வர அது ஒன்றுதான் வழி என்று சரசம்மா நம்பினாள். தப்பில்லை. இந்த ஊரில் ஏறி வந்த குடும்பம் பாதி அப்படித்தான் ஏறியது.

அந்த நேரத்தில் பிரவின்ராஜ் உள்ளே வந்தான். சரசம்மாவின் அண்ணன் மகன், ஸ்டாச்சு ஜங்ஷனில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பாதிப் பேச்சு மலையாளம். ஒருநாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, அச்சடித்த சில தாள்களை மேசைமேல் போட்டான்.

"அண்ணாச்சி, இது நோக்குங்க. சட்டியோட போட்டோ எடுத்து நெட்ல ஒரு பேஜ் போட்டிருந்தேன். சும்மா ஒரு ரசத்துக்கு, வெளையாட்டா. துபாயில இருந்து, பாம்பேயில இருந்து, அமெரிக்காவுல இருந்து மெயில் வருது. பழக்கின சட்டி எவிடே கிட்டும்னு கேக்காங்க."

"கேக்கதுக்குக் காசா பணமா? என் கடையிலயும்தான் தினம் நூறு பேரு கேக்கான்."

"அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர்னா புச்சம், ஒரு எளக்காரம்."

"எனக்கு எதுவும் புச்சமில்லல. நீ போட்டோவக் காட்டி விக்கே. சட்டி வாங்குதவன் மொதல்ல என்ன செய்வான் தெரியுமா? விரல் மொட்டிய வச்சுத் தட்டிப் பாப்பான். கணீர்னு சத்தம் வந்தா வாங்குவான், பொத்துனு வந்தா வச்சுட்டுப் போயிருவான். அமெரிக்காக்காரன் எதத் தட்டுவான், கம்ப்யூட்டரையா?"

பிரவின்ராஜ் சிரித்தான். சரசம்மா சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, சண்ட போடாதீங்க. நீங்க எம்புட்டுச் சரக்குப் பாத்திருக்கீங்க. இது விக்குமா விக்காதா? ஒத்த வார்த்த சொல்லுங்க. எனக்கு ஆகஸ்டுக்குள்ள தெரியணும்" என்றாள்.

ஒற்றை வார்த்தை சொல்ல நான் ஜோசியன் இல்லை. ஆனால் ஒரு சரக்கு நிற்குமா நிற்காதா என்று பார்க்க இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதை எதிர்க்கடைக்காரரே சொல்வார். பிளாஸ்டிக் குடம் வந்தபோது நான்தான் முதலில் இறக்கினேன். சீனாப் பீங்கான் வந்தபோது நான்தான் தொடமாட்டேன் என்றேன், தொட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒரு வாரம் கொடு என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் முழுக்க நான் அந்தச் சட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கினவன் மறுபடி வாங்குவானா என்பது முதல் கேள்வி. பழக்கின சட்டி சீக்கிரம் உடையாது, ஆனால் ஒரு வீட்டில் வாங்கினால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்; மீன்குழம்பு வாசனைக்குச் சுவர் கிடையாது. அங்கே அவர்களே பழக்கிக்கொள்ளலாமே என்றால், கரண்டு அடுப்பில் முடியாது. வேறு யாராவது விற்கிறார்களா என்று பிரவின்ராஜைத் தேடச் சொன்னேன். புதுச்சட்டி விற்கிறவன் இருந்தான், பழக்கின சட்டி விற்கிறவன் ஒருவனும் இல்லை. ஒருவனும் விற்கவில்லை என்றால் அது நல்ல குறியாகவும் இருக்கலாம், கெட்ட குறியாகவும் இருக்கலாம். அதையும் அவனிடம் சொன்னேன். பிறகு எடை. ஒரு சட்டி கிட்டத்தட்ட இரண்டு கிலோ. விமானத்தில் அனுப்பினால் சட்டிக்கு விலை ஒன்று, கூலி பத்து. ஒன்றிரண்டாக விற்றால் கட்டவே கட்டாது. மொத்தமாகக் கப்பலில் போனால் கட்டும்.

கடைசியாக, உடையுமா? அதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அதை வாயால் பேசித் தீர்க்க முடியாது. மூன்று சட்டியை நானே வைக்கோல் வைத்துக் கட்டினேன். வைக்கோல் கட்டுவதில் எனக்கு ஒரு கை உண்டு. அடியில் ஒரு மெத்தை, உள்ளே ஒரு உருண்டை, சுற்றிலும் புரி திரித்து இறுக்கி, வாய்க்கு மேல் ஒரு குல்லா. மூட்டை தூக்கின காலத்தில் ஒரு பீங்கான் கடையில் கற்றது. அட்டைப்பெட்டியில் வைத்து, கடை ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, முதல் மாடியிலிருந்து பெட்டியைத் தெருவில் போட்டேன். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். பிரித்தால் ஒரு கீறல் இல்லை. சுண்டிக் காட்டினேன். கணீர் என்றது.

பார்க்க வந்திருந்த சரசம்மா அந்தச் சட்டியை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து வைத்துக்கொண்டாள்.

"விக்கலாம்" என்றேன்.

நான் இப்போதும் அதையே சொல்வேன். அந்தச் சரக்கு விற்கக்கூடிய சரக்குதான்.

முதலில் பம்பாய்க்கு எட்டுச் சட்டி போயிற்று. பணம் வந்தது. துபாய்க்கு ஒரு பெட்டி, இங்கிருந்து போகிற ஆள் கையில். அங்கேயும் உடையவில்லை, பணம் வந்தது. லாபம் பெரிதில்லை, ஆனால் சோதித்த சரக்கு சோதித்தபடி போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் ஒரு மலையாளி சங்கத்துச் செயலாளர் எழுதினார். ஓணத்துக்கு உறுப்பினர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சட்டி கொடுக்கிறார்களாம். முந்நூறு சட்டி, சட்டிக்கு ஆறு டாலர், கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். சட்டி கைக்கு வந்ததும் பணம்.

பிரவின்ராஜ் கூட்டிப் பார்த்தான். வரவு எண்பத்தாறாயிரம். சட்டி, விறகு, எண்ணெய், ஆள்கூலி, பெட்டி, கப்பல் கூலி, கொச்சி ஏஜென்டு எல்லாம் போகச் செலவு நாற்பத்தெட்டு. என் கடனைத் தீர்த்தாலும் பொன்செல்விக்கு முழுக் கட்டணமும் கையில் நிற்கும்.

"முன்பணம் கேளுல" என்றேன். "பாதி இல்லன்னா கால்வாசி. முன்பணம் தராதவனுக்கு நான் ஒரு கரண்டி ஏத்துனதில்ல."

கேட்டான். சங்கத்தில் பொதுக்குழு கூடாமல் முன்பணம் தர வழியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அப்போதே நான் முகத்தைச் சுளித்தேன். சரசம்மா என் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு மொதமொத பத்துச் சட்டி தரும்போது நீங்க முன்பணம் கேட்டீங்களா?"

"ஒன்னைய எனக்குத் தெரியும். கரமனைக்கு வந்தா ஒன் வீட்டு வாசல்ல நிப்பேன். அமெரிக்காவுல யாரு வாசல்ல நிக்க?"

"அவரு ஓணத்துக்குச் சட்டி கேக்காரு. ஓணத்துக்குக் கேட்டுட்டு யாராவது ஏமாத்துவானா? பதினெட்டாயிரம் கொறையுது. தாங்க. பிள்ள நர்சாயிட்டா ஒங்களுக்கு ஊசி காசில்லாம போடுவா."

"எனக்கு எதுக்கு ஊசி? எனக்கு ஒரு நோயும் கெடையாது" என்றேன். கொடுத்தேன். வட்டி வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தத் தெருவில் வட்டி இல்லாமல் கைமாற்றுக் கொடுத்த இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பிறகு அந்த வரிசை வீடே சட்டி பழக்கியது. பக்கத்து அறைப் பெண்கள் கூலிக்கு வந்தார்கள். பொன்செல்வி கண் சிவக்கத் தொண்டு தள்ளினாள். முந்நூறு தேற முந்நூற்றைம்பது பழக்க வேண்டியிருந்தது. வண்டியில் சட்டி என் பின்கட்டுக்கு வந்ததும் வைக்கோல் கட்டுகிற வேலையை நானே முன்னின்று செய்தேன். வைக்கோல் என் கிட்டங்கியிலிருந்து. அதற்கு முந்நூற்று நாற்பது எழுதினேன். சரக்கு என்றால் சரக்கு; என் வீட்டுக்குக் கொண்டுபோன கரண்டிக்கும் நான் எழுதிவைப்பவன்.

"சட்டிக்குப் பாவாட சட்ட போட்ட மாதிரி இருக்கு" என்றாள் பொன்செல்வி, கட்டி அடுக்கின சட்டிகளைப் பார்த்து. அன்றைக்கு அவள் வாயாடினது போல நான் பார்த்ததில்லை. "அமெரிக்கா போற பிள்ளைங்க. குளிருக்கு வேணும்லா அண்ணாச்சி."

ஒவ்வொரு பெட்டியையும் நான் கையால் அழுத்திப் பார்த்துத்தான் மூட விட்டேன். கொச்சி ஏஜென்டு அட்டைப்பெட்டியைத்தான் பார்த்தான், உள்ளே என்ன வைத்துக் கட்டியிருக்கிறது என்று கேட்கவில்லை. மண்சட்டி என்று எழுதி ஏற்றிவிட்டான்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு பகல் பிரவின்ராஜ் கடைக்கு வந்தான். நேராக என்னிடம் வரவில்லை. கல்லாவுக்கு எதிரே நின்று குக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னல, குக்கரு வாங்கப் போறியா?"

"அண்ணாச்சி, சரக்குப் பிடிச்சு வச்சாச்சு. அமெரிக்காவுல, துறைமுகத்துல."

"எதுக்கு? கஞ்சாவா வச்சோம்?"

"வைக்கோலு."

எனக்குப் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். அந்த நாட்டுக்குள் வைக்கோல் போகக் கூடாதாம். அதில் பூச்சி இருக்கும், விதை இருக்கும், அது அவர்கள் வயலுக்குப் பரவும். பெட்டியைத் திறந்தவர்கள் வைக்கோலைப் பார்த்ததும் மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். ஒன்று, அனுப்பினவன் செலவில் திருப்பி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். அதுவரை தினமும் வாடகை. செயலாளர் கையை விரித்துவிட்டார். ஓணம் வருகிறது, அவர் உறுப்பினர்களுக்கு எவர்சில்வர் தட்டு வாங்கிவிட்டார்.

முப்பது வருஷமாக இந்தத் தெருவிலிருந்து வைக்கோலில் கட்டிப் போகாத ஊர் இல்லை. கொழும்புக்குப் போயிருக்கிறது, சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது. கட்டினது சரியில்லை என்று ஒருவன் சொன்னதில்லை. கட்டின வைக்கோலையே குற்றவாளி என்று பிடித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"வைக்கோல எடுத்துத் தூரப் போட்டுட்டுச் சட்டிய குடுக்கச் சொல்லு. நம்ம செலவுல எடுக்கட்டும்."

"கேட்டாச்சு அண்ணாச்சி. பற்றில்லா, முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சட்டியிலயும் தூசி ஒட்டியிருக்குமாம்."

திருப்பி எடுக்கிற செலவைக் கேட்டேன். சரக்கின் விலையைப் போல் ஒன்றரை மடங்கு. கூட்டிக் கழிக்க ஒன்றுமில்லை.

அவனுக்குத் தனியாகப் போக தைரியமில்லை. இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துக் கரமனைக்குப் போனோம். சரசம்மா சாய்ப்பில் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். பொன்செல்வி அறைக்குள் ஒரு தகரப்பெட்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள், விடுதிக்குக் கொண்டுபோக. பிரவின்ராஜ் சொன்னான். பாதி மலையாளத்தில், பாதி அழுகையில்.

சரசம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எரிச்சிருவாங்களோ?"

"ஆமா அத்த."

"வைக்கோல எரிக்கட்டும். சட்டிக்கு ஒண்ணும் ஆவாது. அது சூளையில வெந்ததுதான? எரிச்சு முடிச்சப்புறம் சட்டி அங்கதான கெடக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"ஒடச்சுப் பொதச்சிருவாங்க அத்த."

கொதித்துக்கொண்டிருந்த கஞ்சித்தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் இறக்கவில்லை. பொன்செல்விதான் வந்து, துணி எடுக்காமல் வெறும் கையால் அந்தச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, வைக்கோலுக்கு எம்புட்டு எழுதுனீங்க?"

"முந்நூத்தி நாப்பது."

"சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான் அந்தக் கட்டணத்தையும் கொடுத்திருக்கலாமே என்று பிற்பாடு ஒன்றிரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். கொடுக்கிறேன் என்று போனேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. சரசம்மா கதவருகிலேயே நிறுத்திவிட்டாள். "மேல மேல ஏத்தாதீங்க அண்ணாச்சி. எனக்குத் தல ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் முடிந்தது. அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போயிற்று. பொன்செல்வி ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள், புடவைப் பிரிவில். காலையில் ஏறினால் ராத்திரி அடைக்கிற வரைக்கும் நின்றபடியே இருக்க வேண்டிய வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சம்பளத்தில் பிடிப்பார். பிரவின்ராஜ் அடுத்த வருஷம் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். போகிறபோது நெட்டில் போட்டிருந்த அந்தப் பக்கத்தை எடுக்காமலே போய்விட்டான் போலிருக்கிறது. அவன் வேலை பார்த்த சென்டர்க்காரர் வழியில் பார்த்தால் சொல்வார்: "அண்ணாச்சி, சட்டி உண்டோன்னு இப்பவும் மெயில் வருது." அதைத்தான் சொல்கிறேன், சரக்கில் குறை இல்லை.

சரசம்மா மறுபடி கூடையைத் தூக்கினாள். சட்டி என்னிடம்தான் எடுத்தாள், ரொக்கத்துக்கு. ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் கூடையில் சட்டிக்குச் சட்டி நடுவில் ஒரு பிடி வைக்கோல் வைப்பாள். இப்போது பழைய துணியைச் சுருட்டி வைத்தாள். என் கடைப் பையன் பழக்கத்தில் வைக்கோலை எடுத்து நீட்டினால், அவன் கையை ஒதுக்கிவிடுவாள்.

நடை குறைந்துகொண்டே வந்தது. முதலில் பூஜப்புரை ஏற்றம் விட்டுப்போயிற்று, பிறகு ஜகதி. மெடிக்கல் காலேஜில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் புகைபிடித்த கூரை மாதிரி இருக்கிறது, பீடி குடிப்பாளா என்று கேட்டாராம் டாக்டர். அடுப்பு பக்கமே போகக் கூடாது என்றாராம். அவள் அடுத்த வாரம் என்னிடம் ஆறு சட்டி எடுத்துக்கொண்டு போனாள். கடனைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறபோதெல்லாம் கல்லாவை ஒருதரம் பார்ப்பாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. பகல் நேரத்திலேயே கடையில் லைட் போட்டிருந்தோம். ஒரு ஆட்டோ வந்து நின்றது. சரசம்மாவைப் பொன்செல்வி கைத்தாங்கலாக இறக்கினாள். படி ஏறுவதற்குள் சரசம்மா இரண்டு இடத்தில் நின்றாள். நான் ஸ்டூல் போடச் சொன்னேன். உட்கார்ந்து, மூச்சு அடங்குகிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எலும்பும் கண்ணுமாக இருந்தாள். பொன்செல்வி ஜவுளிக்கடைச் சீருடைப் புடவையில் இருந்தாள். கணுக்காலுக்கு மேலே நரம்பு புடைத்து நீலமாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை.

"சிட்டி விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றாள் சரசம்மா. பொன்செல்வி சம்பளத்தில் மாதாமாதம் கட்டிவந்த சீட்டு. "இருபத்தஞ்சு. கழிவு போக இருபதாயிரத்துச் சொச்சம்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அதக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கு ஃபீஸ் கெட்டு. நர்சிங்குக்கு வயசு ஒண்ணும் போயிரல. கொறையுறத நான் போடுதேன். எனக்கு நீ தர வேண்டியது நின்னா நிக்கட்டும், இந்த மூணு மாடி இடிஞ்சா விழுந்துரப் போவுது?"

"நான் இனிப் படிக்கப் போறேன்னு யாரு சொன்னா?" என்றாள் பொன்செல்வி. கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் இந்த நிறத்தில் புடவை இல்லை என்று சொல்கிற குரல். "மெடிக்கல் காலேஜுல அம்மா படுத்திருந்தப்ப வார்டுல பாத்தேன். அவங்களும் நின்னுக்கிட்டேதான் இருக்காங்க அண்ணாச்சி."

"பாதி போதும்" என்றேன் சரசம்மாவிடம். "வைக்கோலு என்னுது. அதனால தெரிஞ்சோ தெரியாமலோ…"

அவள் கையை உயர்த்தினாள். பேச மூச்சு சேர வேண்டியிருந்தது. "வைக்கோலு ஒங்களுது. சட்டி என்னுது. கேட்டது நானு. தந்தது நீங்க." இருமல் வந்து நின்றது. "ரெண்டு பேர்ல யாருகிட்டயும் கள்ளமில்ல. அப்புறம் எதுக்குப் பாதி? எனக்கு வேற யாருகிட்டயும் கடன் இல்ல. இதையும் வச்சுட்டுப் போவ எனக்கு மனசில்ல. பிள்ள தலையில விடியும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கடையை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வி அது. இத்தனை வருஷத்தில் எனக்குப் பணம் தர வேண்டியவர்களில் வக்கீல் இருந்தார், ஹோட்டல் முதலாளி இருந்தார், ஒரு எஞ்சினியர் வீட்டுப் பின்வாசல் வழியாக ஓடினார். மழையில் ஆட்டோ பிடித்து, படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி என் கடனைத் தீர்க்க வந்தவள் இவள் ஒருத்திதான். அந்தப் பணத்தை நான் தள்ளினால் அவள் எதற்காக ஏறி வந்தாள்?

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நான் வைத்த வழக்கம். பழைய கடன் தீருகிறபோது மேசையில் வைக்கக் கூடாது, கல்லாவிலும் போடக் கூடாது. தருகிறவர் தன் கையால் எண்ணி என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவள் ஸ்டூலுக்கு எதிரே நின்றேன். கடை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்றுதான் விட்டேன்.

கையை நீட்டினேன்.

பொன்செல்வி மஞ்சள் பையிலிருந்து நோட்டுக்களை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். சரசம்மா எண்ணத் தொடங்கினாள். கரி ஏறின விரல். ரேகையெல்லாம் கறுப்புக் கோடு, எந்தச் சோப்புக்கும் போகாதது. ஐந்நூறு ஐந்நூறாக எண்ணினாள். நடுவில் மூச்சு முட்டி எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எடுத்தாள். பொன்செல்வி உதவிக்குக் கையை நீட்டினாள், தட்டிவிட்டாள். எனக்குக் கை கடுத்தது. மாற்றவில்லை.

பதினெட்டாயிரம் வந்ததும் நான் கையை மடக்கப் பார்த்தேன்.

"இருங்க அண்ணாச்சி" என்றாள்.

இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தாள். அது சிட்டிப் பணம் இல்லை, சட்டி விற்ற பணம். மூன்று நூறு ரூபாய் நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு பத்து ரூபாய்த் தாள்கள், ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது ஓரம் கிழிந்திருந்தது. அதை மடியில் வைத்து நீவிவிட்டு, திரும்பப் பார்த்து, வேறு நல்லதாகத் தேடி எடுத்தாள்.

"வைக்கோலுக்கு" என்று சொல்லி என் கையில் வைத்தாள்.